பாட்டு டீச்சர் பதில்கள்: ஊர் கூடி வளர்த்த குரல்

ஏப்ரல் 8 மரியன் ஆண்டர்சனின் நினைவு நாள் என்று சென்ற இதழில் நான்கு வரி எழுதியிருந்தேன். அமெரிக்க ஓபரா (மேற்கத்திய இசை நாடகம்) பாடகி, தனக்குக் கிடைத்த பரிசுப் பணத்தை இளம் பாடகர்களுக்கான நிதியாக மாற்றியவர் என்பதற்கு மேல் அதில் எதுவும் இல்லை. அந்த நான்கு வரிக்கு இத்தனை கடிதங்கள் வந்திருக்கின்றன. ஆகவே சுருதி, சாதகம், தொண்டைக்கட்டு பற்றிய கேள்விகளை அடுத்த மாதத்துக்குத் தள்ளி வைத்துவிட்டேன். இந்த மாதம் முழுவதும் அந்த அம்மையாருக்குத்தான்.

நான் வைத்திருக்கும் இசைத்தட்டு உறையில் மரியன் ஆண்டர்சன் பிறந்த ஆண்டு 1902 என்று இருக்கிறது. வேறொரு புத்தகத்தில் 1897. எது சரி?
– ஓய்வுபெற்ற நூலகர் ஒருவர்

1897 பிப்ரவரி 27, பிலடெல்பியா. அவர் பாடிக்கொண்டிருந்த காலம் முழுவதும் ஐந்தாறு வயது குறைத்தே அச்சிட்டு வந்தார்கள். அவர் மறைந்த பிறகுதான் பிறப்புச் சான்றிதழ் பரவலாகத் தெரியவந்தது. 1993-ல், ஓரிகன் மாநிலத்தின் போர்ட்லண்ட் நகரில், தன் தங்கையின் மகனான இசை நடத்துநர் ஜேம்ஸ் டிப்ரீஸ்ட் வீட்டில் அவர் கண் மூடியபோது வயது 96. நானும் பல வருஷம் மாணவிகளுக்கு 1902 என்றே சொல்லியிருக்கிறேன். அவர்களில் யாராவது இதைப் படித்தால் திருத்திக்கொள்ளுங்கள்.

ஓபரா பாடகி என்று எழுதியிருந்தீர்கள். என் பேரன் தேடிப் பார்த்துவிட்டு, "பாட்டி, அவங்க வாழ்க்கையிலேயே ஒரே ஒரு ஓபராவிலதான் பாடியிருக்காங்க" என்கிறான். அப்படியா?
– வாசகி ஒருவர்

பேரன் சரியாகத்தான் பார்த்திருக்கிறான். நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் ஓபரா அரங்கில், 1955 ஜனவரி 7-ஆம் தேதி, வெர்டியின் 'உன் பாலோ இன் மாஸ்கெரா' ஓபராவில் குறி சொல்லும் உல்ரிகாவாக மேடை ஏறினார். அவர் மேடையில் ஏற்ற வேடம் அது ஒன்றுதான்.

ஏன் ஒன்றே ஒன்று? அந்த அரங்கு திறந்தது 1883-ல். அன்றிலிருந்து எழுபது வருஷத்துக்கு மேல் எந்தக் கறுப்பினப் பாடகரையும் அது முக்கிய வேடத்தில் நிறுத்தியதில்லை. கதவு திறந்தபோது மரியனுக்கு வயது 57. அவருடைய குரல் கான்ட்ரால்டோ; அது பெண் குரல்களில் மிகத் தாழ்ந்த, அரிதான வகை. நம் டி.கே. பட்டம்மாளின் மந்திர ஸ்தாயிக் கனத்தை நினைத்துக்கொண்டால் கொஞ்சம் புரியும். அத்தகைய சாரீரம் அதன் உச்சத்தில் இருந்த இருபது, இருபத்தைந்து வருஷத்தை ஓபரா மேடை இழந்துவிட்டது. இழப்பு அவருக்கு மட்டுமில்லை, கேட்டிருக்க வேண்டியவர்களுக்கும்தான். ஷூபர்ட், பிராம்ஸ், ஹேண்டல் போன்றவர்கள் இசையமைத்த பாடல்கள், ஓபராக்களிலிருந்து தனிப் பாடல்கள், கடைசியாகத் தன் மூதாதையர் அடிமை வாழ்வில் பாடிய ஸ்பிரிச்சுவல் பாடல்கள் என்று கச்சேரி மேடையிலேயே அவர் வாழ்க்கை போயிற்று.

ஆனால் அவர் உள்ளே போன அதே மாதம், மூன்று வாரத்துக்குள், ராபர்ட் மெக்ஃபெரின் என்ற கறுப்பினப் பாடகர் அதே மேடையில் பாடினார். 1961-ல் லியான்டைன் பிரைஸ் என்ற கறுப்பினப் பாடகி வந்தார். அதனால் பேரனிடம் சொல்லுங்கள்: ஒரே வேடம்தான், ஆனாலும் ஓபரா பாடகி என்ற பெயரை அவரிடமிருந்து நான் எடுக்க மாட்டேன்.

அந்த நிதி எப்படித் தொடங்கியது? பெரும் பணக்காரரா அவர்?
– கல்லூரி மாணவி ஒருவர்

இந்தக் கேள்விக்குத்தான் காத்திருந்தேன் அம்மா. கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன்.

அப்பா பனிக்கட்டியும் நிலக்கரியும் விற்றவர். வேலை செய்த இடத்தில் தலையில் அடிபட்டு, அதிலிருந்து மீளாமல் இறந்துபோனார். மூன்று பெண் குழந்தைகள், மூத்தவள் மரியன். அம்மா ஆனி, வர்ஜீனியாவில் பள்ளி ஆசிரியையாக இருந்தவர். பிலடெல்பியாவில் அந்தத் தகுதி செல்லாது என்று ஆனதால் வீடுகளுக்குத் துணி துவைத்தார், ஒரு பெரிய அங்காடியில் தரை துடைத்தார். மரியன் எட்டு வயதில் அக்கம்பக்கத்து வீடுகளின் வாசற்படியைத் தேய்த்துக் கழுவிச் சேர்த்த காசில், அடகுக் கடையிலிருந்து ஒரு வயலின் வாங்கினாள். விலை நாலு டாலருக்குச் சற்றுக் குறைவு.

பாடத் தொடங்கியது யூனியன் பாப்டிஸ்ட் தேவாலயத்தின் சிறுவர் பாடகர் குழுவில், ஆறு வயதில். அந்தக் குழந்தையின் குரலில் அபூர்வமான ஒன்று இருக்கிறது என்று முதலில் கண்டுகொண்டவர்கள் இசை வித்வான்கள் இல்லை. அந்தத் தேவாலயத்தில் ஞாயிறுதோறும் உட்கார்ந்திருந்த சமையற்காரிகள், சுமைகூலிகள், சலவைக்காரிகள். குழுவில் யாராவது வராவிட்டால் அவர்கள் பகுதியை மரியன் பாடுவாள். உச்சக் குரல், தாழ்ந்த குரல் எல்லாவற்றையும் மனப்பாடமாகக் கற்றுவைத்திருந்தாள்.

பள்ளிப் படிப்புக்குப் பணமில்லாமல் உயர்நிலைப் பள்ளியில் சேர்வதே தள்ளிப்போயிற்று. முடித்தபோது ஆண்டு 1921, வயது 24. இடையில் ஒரு நாள் நகரின் இசைப் பள்ளி ஒன்றில் சேர விண்ணப்பம் கேட்டு வரிசையில் நின்றாள். ஜன்னலுக்குப் பின்னால் இருந்த இளம்பெண் இவளைத் தாண்டி மற்றவர்களை எல்லாம் அழைத்து முடித்துவிட்டு, கறுப்பர்களைச் சேர்ப்பதில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டாள். தன் வரலாற்றில் மரியன் இதை எழுதுகிறார். ஆனால் அந்தப் பள்ளியின் பெயரை எழுதவில்லை. அது முக்கியமில்லை என்று நகர்ந்துவிடுகிறார்.

இனிமேல்தான் விஷயம். பள்ளி கதவைச் சாத்தியது. தேவாலயத்துக்காரர்கள் காணிக்கை எடுத்தார்கள். 'மரியன் ஆண்டர்சனின் எதிர்காலத்துக்கான நிதி' என்று அதற்குப் பெயரே வைத்தார்கள். பெயரைக் கவனியுங்கள்: ஏழைச் சிறுமிக்கு உதவி என்று வைக்கவில்லை, எதிர்காலத்துக்கு என்று வைத்தார்கள். பின்னர் ஜுசெப்பே பொகெட்டி என்ற ஆசிரியரிடம் போனபோது, அவருடைய கட்டணத்துக்காகத் தேவாலயத்திலேயே ஒரு கச்சேரி ஏற்பாடு செய்தார்கள். அக்காலத்தில் பெயர் பெற்ற கறுப்பினப் பாடகர் ரோலண்ட் ஹேய்ஸ் அதில் பாடினார். டிக்கெட் விற்ற பணம் பொகெட்டியிடம் போயிற்று. அதற்கப்புறம் 1925-ல் நியூயார்க் பில்ஹார்மானிக் இசைக்குழுவின் போட்டியில் சுமார் 300 பேரைத் தாண்டி முதலிடம். பிறகு ரோசன்வால்ட் நிதி என்ற அறக்கட்டளையின் உதவியோடு ஜெர்மனியில் மேற்படிப்பு. ஸ்காண்டிநேவிய நாடுகளில் வருஷக்கணக்கில் கச்சேரிகள். 1935-ல் சால்ஸ்பர்கில் கேட்டுவிட்டு, இப்படிப்பட்டதை நூறாண்டுக்கு ஒரு முறைதான் கேட்க முடியும் என்று புகழ்பெற்ற இசை நடத்துநர் டாஸ்கனினி சொன்னார். அந்தக் கதை எல்லாருக்கும் தெரியும்.

1940-களின் தொடக்கத்தில் பிலடெல்பியா நகரம் அவருக்கு பாக் (Bok) விருது கொடுத்தது. 10,000 டாலர். அந்தக் காலத்தில் ஒரு வீடே வாங்கியிருக்கலாம். அந்தப் பணத்தை அவர் அப்படியே வைத்து 'மரியன் ஆண்டர்சன் விருது' என்ற பெயரில் இளம் பாடகர்களுக்கான போட்டியும் உதவித்தொகையும் ஏற்படுத்தினார். இனம், நிறம், மதம் எதுவும் தடையில்லை. கறுப்பர்களைச் சேர்ப்பதில்லை என்று கேட்டு வந்தவர், வெள்ளையர்களைச் சேர்ப்பதில்லை என்று எழுதவில்லை. 1952-லும் 1953-லும் அந்த விருதைப் பெற்றவர் ஜூடித் ராஸ்கின் என்ற யூதப் பெண்.

இதை நான் தானம் என்று சொல்ல மாட்டேன். அந்தத் தேவாலயத்துப் பெண்கள் துணி துவைத்த காசு அவருடைய தொண்டையில் இருந்தது. அவர்களுக்குத் திருப்பிக் கொடுக்க வழியில்லை, பலர் இறந்தும் போயிருப்பார்கள். அடுத்து வருகிறவர்களிடம் கொடுத்தார்.

அந்த உதவியால் யாராவது பெரிய பாடகர் ஆனார்களா? அல்லது பேருக்கு ஒரு நிதியா?
– வங்கி ஊழியர் ஒருவர்

கமிலா வில்லியம்ஸ் என்ற ஒரு பெயர் போதும். வர்ஜீனியாவின் டான்வில் ஊர்க்காரி, கார் ஓட்டுநரின் மகள். 1943, 1944 இரண்டு ஆண்டும் மரியனின் விருதைப் பெற்றவர். 1946-ல் நியூயார்க் சிட்டி ஓபராவில் 'மடாமா பட்டர்ஃபிளை'யாக நின்றார். மரியனுக்கு மெட்ரோபாலிட்டன் கதவு திறப்பதற்கு ஒன்பது வருஷம் முன்பே! கொடுத்தவரை முந்திக்கொண்டு வாங்கியவர் ஓபரா மேடை ஏறிவிட்டார். மரியன் அதைப் பார்த்து எப்படி மகிழ்ந்திருப்பார் என்று நான் அடிக்கடி நினைத்துப் பார்ப்பேன்.

இன்னும் ஒன்று. 1963 ஆகஸ்ட் 28, வாஷிங்டன் பேரணி. மார்ட்டின் லூதர் கிங் பேசிய அதே நாள். தொடக்கத்தில் தேசிய கீதம் பாட வேண்டியவர் மரியன் ஆண்டர்சன். இரண்டரை லட்சம் பேர் கூட்டத்தில் அவரால் நேரத்துக்கு மேடைக்கு வந்து சேர முடியவில்லை. அவருக்குப் பதிலாக எழுந்து பாடியவர் கமிலா வில்லியம்ஸ். இருபது வருஷத்துக்கு முன் அவருடைய பணத்தில் பாட்டுக் கற்ற பெண்! மரியன் பிறகு வந்து சேர்ந்து வேறொரு பாட்டைப் பாடினார். இதை வகுப்பில் சொல்லும்போதெல்லாம் எனக்குக் குரல் தழுதழுக்கும். இப்போது எழுதும்போதும் அப்படித்தான்.

1957-ல் பெற்றவர் ஷெர்லி வெரெட். 1973-ல் மெட்ரோபாலிட்டன் அரங்கில் பெர்லியோஸின் 'லே ட்ராய்யன்' ஓபராவில், உடன் பாட வேண்டியவருக்கு உடல்நலமில்லாமல் போனதால், காசாண்ட்ரா, டைடோ என்ற இரண்டு பெரிய வேடங்களையும் ஒரே இரவில் தானே பாடி முடித்தவர்.

வங்கிக்காரர் என்பதால் இதையும் மறைக்காமல் சொல்கிறேன்: அந்த முதல் நிதி ஒரு கட்டத்தில் தீர்ந்து, விருது நின்றுபோயிற்று. 1990-ல் மீண்டும் உயிர்பெற்றது. அந்த ஆண்டு சில்வியா மக்நேர், 2006-ல் லாரன்ஸ் பிரௌன்லீ என்று இன்னும் இரண்டு ஓபரா பாடகர்கள் பெற்றார்கள். பேருக்கு ஒரு நிதியாக இருந்தால் இந்தப் பெயர்கள் வந்திருக்காது.

என் மகளுக்கு நல்ல குரல். மேற்கொண்டு கற்பிக்க எங்களால் முடியவில்லை. தெரிந்தவர்கள் சேர்ந்து பணம் தருகிறோம் என்கிறார்கள். வாங்கிக்கொள்ளக் கூச்சமாக இருக்கிறது. பிள்ளையும் 'பிச்சை எடுத்தா பாடணும்?' என்று அழுகிறாள். நீங்கள் என்ன சொல்வீர்கள்?
– ஒரு தாய்

கூச்சம் எனக்குத் தெரியும் அம்மா. பதினான்கு வயதில் எனக்கும் பாட்டுச் சம்பளம் கட்ட வீட்டில் வழியில்லை. என் ஆசிரியை மூன்று வருஷம் காசு வாங்காமல் சொல்லிக்கொடுத்தார். ஒவ்வொரு மாசமும் முதல் தேதி வகுப்புக்குப் போகவே கால் வராது. மற்றப் பெண்கள் உறையை நீட்டும்போது நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். ஆசிரியை அதைக் கவனித்துவிட்டார். அடுத்த மாசத்திலிருந்து யாருமே வகுப்பில் வைத்துச் சம்பளம் தரக் கூடாது, வீட்டில் வந்து தர வேண்டும் என்று மாற்றிவிட்டார். ஏன் மாற்றினார் என்று எனக்கு விளங்கவே பல வருஷம் ஆயிற்று.

மரியன் கதையில் உங்கள் மகளுக்குச் சொல்ல இரண்டு விஷயம் இருக்கிறது.

1924-ல் நியூயார்க்கின் டவுன் ஹாலில் அவர் ஒரு கச்சேரி வைத்தார். அரங்கு பாதிகூட நிறையவில்லை. மறுநாள் பத்திரிகைகள் கடுமையாக எழுதின. மனமுடைந்து மாதக்கணக்கில் பாட்டையே விட்டுவிட்டார். ஊரார் பணத்தில் படித்துவிட்டு ஊரார் முன் தோற்பது எத்தனை பாரம் என்று யோசியுங்கள். ஆனால் காசு போட்டவர்கள் யாரும் கணக்குக் கேட்டு வரவில்லை. மெல்லத் தேறி மீண்டும் பாட வந்தார். மகளிடம் சொல்லுங்கள், கற்றுக்கொள்ளும் வயதில் தோற்க உரிமை உண்டு, பணம் வாங்கியதால் அந்த உரிமை போய்விடாது.

இரண்டாவது, 1935 டிசம்பர் 30, அதே டவுன் ஹால். ஐரோப்பாவிலிருந்து கப்பலில் வரும்போது விழுந்து கணுக்கால் எலும்பு உடைந்திருந்தது. கட்டுப் போட்ட காலை நீளமான கவுனுக்குள் மறைத்து, திரையை மூடி வைக்கச் சொல்லி, பியானோவைப் பிடித்து நின்ற பிறகுதான் திரை விலகியது. தேவாலயம் பணம் கொடுத்ததை ஊரறியச் சொன்னவர், கால் உடைந்ததை ரசிகர்களிடம் மறைத்தார். படிப்புக்கு உதவி பெறுவது அவருக்குக் கூச்சமில்லை. பரிதாபத்தில் கைத்தட்டு வாங்குவதைத்தான் அவர் விரும்பவில்லை. உங்கள் மகள் 'பிச்சை' என்று சொல்வது இரண்டாவதைத்தான். தெரிந்தவர்கள் தருவது முதலாவது. வாங்கிக்கொள்ளுங்கள். யார் எவ்வளவு தந்தார்கள் என்று ஒரு நோட்டில் எழுதி மகள் கையில் கொடுங்கள், அவளே வைத்திருக்கட்டும்.

லிங்கன் நினைவிடத்தில் அவர் பாடியது பற்றி ஏன் ஒரு வரிகூட எழுதவில்லை? அதுதானே முக்கியம்!
– வாசகர் மூவர்

எல்லாரும் எழுதியாயிற்று என்பதால் விட்டேன். சுருக்கமாக: 1939-ல் ஹவர்ட் பல்கலைக்கழகம் வாஷிங்டனில் அவர் கச்சேரிக்கு கான்ஸ்டிடியூஷன் ஹால் அரங்கைக் கேட்டது. அரங்கின் சொந்தக்காரர்களான 'அமெரிக்கப் புரட்சியின் புதல்விகள்' அமைப்பு, அவர் கறுப்பினத்தவர் என்பதால் மறுத்தது. குடியரசுத் தலைவரின் மனைவி எலினோர் ரூஸ்வெல்ட் அந்த அமைப்பிலிருந்து விலகினார். ஏப்ரல் 9, ஈஸ்டர் ஞாயிறு, லிங்கன் நினைவிடத்தின் படிக்கட்டில் 75,000 பேர் முன் மரியன் பாடினார். லட்சக்கணக்கானோர் வானொலியில் கேட்டார்கள்.

நான் கவனிக்கச் சொல்வது ஒரே ஒரு சொல்லை. முதலில் பாடிய தேசபக்திப் பாட்டில் 'உன்னை நான் பாடுகிறேன்' என்ற வரி வரும். அவர் 'நாங்கள் பாடுகிறோம்' என்று மாற்றிப் பாடினார். பேச்சிலும் அவருக்கு 'நான்' வராது, 'நாங்கள்' என்பார். ஏன் என்று கேட்டவர்களுக்கு, எந்தக் காரியத்தையும் யாரும் தனியாகச் செய்வதில்லை என்ற பொருளில் விளக்கியிருக்கிறார். பியானோ வாசித்தவர், பாட்டு எழுதியவர், கற்பித்தவர் எல்லாரும் அந்த 'நாங்க'ளில் இருந்தார்கள். காணிக்கை போட்டவர்களும் இருந்தார்கள் என்று நான் சேர்த்துக்கொள்கிறேன்.

இந்தியாவுக்கு வந்திருக்கிறாரா?
– பள்ளி மாணவர்

வந்திருக்கிறார் தம்பி. 1957-ல் அமெரிக்க அரசின் சார்பில் ஆசிய நாடுகளில் பயணம் செய்தபோது. டெல்லியில் காந்தி நினைவிடத்தில், காந்திஜிக்கு மிகவும் பிடித்த 'லீட், கைண்ட்லி லைட்' பாடலைப் பாடினார்.

எந்தப் பாட்டிலிருந்து கேட்கத் தொடங்கலாம்? மேற்கத்திய இசை எங்களுக்குப் பழக்கமில்லை.
– தம்பதியர், அவரவர் கையெழுத்துடன்

இரண்டு பேரும் சேர்ந்து கேட்கிறீர்கள், சந்தோஷம். முதலில் 'டீப் ரிவர்'. பொகெட்டியிடம் முதன்முதலாகப் போனபோது மரியன் பாடிக்காட்டியது அந்த ஸ்பிரிச்சுவல்தான். நாள் முழுக்கப் பாடம் நடத்திக் களைத்து, இன்னொரு மாணவி வேண்டாம் என்று இருந்த ஆசிரியரை எழுந்து உட்கார வைத்த பாட்டு. வார்த்தை புரியாவிட்டால் பாதகமில்லை. ஒரு ஸ்வரத்திலிருந்து அடுத்ததுக்கு எவ்வளவு நிதானமாகப் போகிறார் என்று மட்டும் கேளுங்கள். நம் விளம்ப காலம் பழகிய காதுக்கு அது அந்நியமாக இருக்காது.

அடுத்தது ஷூபர்ட்டின் 'மரணமும் கன்னியும்'. மூன்று நிமிஷம்கூட இல்லாத பாட்டு. முன்பாதியில் பயந்துபோன ஒரு பெண் பேசுகிறாள், பின்பாதியில் மரணம் அவளுக்குப் பதில் சொல்கிறது. இரண்டும் ஒரே தொண்டை. விளக்கைக் குறைத்துவிட்டு, வேறு வேலை எதுவும் வைத்துக்கொள்ளாமல் உட்காருங்கள். கடைசி வார்த்தையில் குரல் இறங்கும், இறங்கிக்கொண்டே போகும், பெண் குரல் இதற்குக் கீழே போகாது என்று நாம் நினைக்கும் இடத்தைத் தாண்டிப் போய் ஒரு ஸ்வரத்தில் நிற்கும். பியானோ முடிகிற வரை எழுந்திருக்காதீர்கள். பிறகு எனக்கு எழுதுங்கள்.